சாட் செயலி எங்கே உடைகிறது? ஃபிளட்டரில் டிபெண்டென்சி, அசெட் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ஒரே நிரலிலிருந்து ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் செயலி செய்ய உதவும் ஃபிளட்டரில் ஒரு சாட் செயலியின் திரைகளை வரைந்து, மெசேஜ் அனுப்பும் நிரலையும் எழுதி முடிக்க ஒரு வார இறுதி போதும். அதே மெசேஜ் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒழுங்காகப் போய்ச்சேரத்தான் வாரக்கணக்காகிறது. அந்த நேரம் ஃபிளட்டரின் மொழியான டார்ட்டில் எழுதும் நிரலில் செலவாவதில்லை. பப்ஸ்பெக் (பேக்கேஜ், அசெட் பட்டியல்), கிரேடில் (ஆண்ட்ராய்டு பில்ட்), பாட்ஃபைல் (ஐபோன் பில்ட்), மேனிஃபெஸ்ட் (ஆண்ட்ராய்டு அனுமதிகள்) என்று நாம் திறந்து பார்க்கவே விரும்பாத கோப்புகளில் கரைகிறது.

எரர் வந்ததும் பலர் செய்வது ஒன்றுதான். 'ஃபிளட்டர் கிளீன்' அடிப்பார்கள், பேக்கேஜ் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லாக் கோப்பை அழிப்பார்கள், அதிலும் சரிவராவிட்டால் ப்ராஜெக்டையே புதிதாக உருவாக்குவார்கள். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற கதை. சில சமயம் பலிக்கும்; ஏன் பலித்தது என்று தெரியாததால் அடுத்த வாரம் அதே எரர் திரும்பி வரும். நான் முதலில் கேட்கிற கேள்வி, எந்தக் கட்டத்தில் உடைந்தது என்பது. பேக்கேஜ்களை இறக்கும்போதா, பில்ட் ஆகும்போதா, செயலி ஓடும்போதா, பயனரிடம் போகும் ரிலீஸ் பில்டில் மட்டுமா? கட்டம் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய கோப்பு ஒன்றோ இரண்டோதான். கீழே அறிகுறிகளும் அந்த வரிசையில்தான் வருகின்றன.

எடுத்துக்கொண்ட செயலி வழக்கமான ஒன்று: மெசேஜ்களுக்குக் கூகுளின் ஃபயர்பேஸ் சேவையில் உள்ள ஃபயர்ஸ்டோர் தரவுத்தளம், அறிவிப்புக்கு ஃபயர்பேஸ் மெசேஜிங், படம் அனுப்ப இமேஜ் பிக்கர், சொந்த எழுத்துரு, சில ஐகான்கள், ஒரு மணியோசை. முதல் மூன்றும் வெளியிலிருந்து இறக்கும் பேக்கேஜ்கள், அதாவது டிபெண்டென்சிகள்; மற்றவை நாமே சேர்க்கும் கோப்புகள், அதாவது அசெட்கள். கட்டளைகளையும் எரர் செய்திகளையும் ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

'பப் கெட்' அடித்ததுமே ஏதோ ஒரு வரி எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது

'பப் கெட்' என்பது பேக்கேஜ்களை இறக்கும் பப் கருவியின் கட்டளை. ஆனாலும் இது பேக்கேஜ் சிக்கல் அல்ல, இடைவெளிச் சிக்கல். பப்ஸ்பெக் கோப்பு யாமல் வடிவில் இருக்கிறது. யாமலில் வரி எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறது என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கும். உள்தள்ளலுக்கு டேப் கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான். முக்காற்புள்ளிக்குப் பின் ஒரு ஸ்பேஸ் கட்டாயம்.

அதிகம் பேர் விழுகிற குழி ஒன்று உண்டு. புதிய ப்ராஜெக்டின் பப்ஸ்பெக்கில் 'அசெட்ஸ்' பகுதி # குறியிட்டுக் கமென்ட்டாக இருக்கும். அந்தக் குறியை மட்டும் அழித்தால் அதன் பின்னால் இருந்த ஸ்பேஸ் அப்படியே தங்கிவிடும். 'அசெட்ஸ்' என்ற சொல் மூன்று ஸ்பேஸ் தள்ளியும், அதன் உடன்பிறப்பான 'யூசஸ் மெட்டீரியல் டிசைன்' இரண்டு ஸ்பேஸ் தள்ளியும் நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, யாமல் ஒத்துக்கொள்ளாது. குறியோடு அடுத்த ஸ்பேஸையும் சேர்த்து அழியுங்கள்.

இன்னொன்று: 'ஃபிளட்டர்' என்ற சொல் அந்தக் கோப்பில் இரண்டு இடத்தில் வரும். ஒன்று டிபெண்டென்சிகளுக்குள்ளே, ஃபிளட்டரின் கருவித்தொகுப்பான எஸ்டிகேயைக் குறிக்க. மற்றது இடது ஓரத்தில், ஒரு ஸ்பேஸும் தள்ளாமல். அசெட்களும் எழுத்துருக்களும் இரண்டாவதன் கீழேதான் வர வேண்டும். முதலாவதன் கீழே போட்டால் பப் உடனே முரண்டு பிடிக்கும். அதுகூடப் பரவாயில்லை. 'அசெட்ஸ்' என்பதையே இடது ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் எரரே வராது. ஃபிளட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். அதன் பலன் ஓடும்போதுதான் தெரியும்.

'வெர்ஷன் சால்விங் ஃபெயில்ட்'

நீளமான செய்தியைப் பார்த்து மிரள வேண்டாம். பப் பயன்படுத்தும் பப்கிரப் என்ற தீர்வு முறையே, மோதல் ஏன் வந்தது என்பதைக் காரண காரியமாக விளக்கிக் காட்டும். 'பிகாஸ்' என்று தொடங்கும் வாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். கடைசியிலிருந்து மேலே படியுங்கள். கடைசி வரியில் உங்கள் செயலியின் பெயரும், நீங்களே எழுதிய ஒரு பேக்கேஜின் பெயரும் இருக்கும். திருத்த வேண்டியது பெரும்பாலும் அதைத்தான்.

பதிப்பு எண்ணுக்கு முன்னால் வரும் ^ குறியின் கணக்கு இங்கே முக்கியம். ^1.4.2 என்றால் 1.4.2 முதல் 2.0.0-க்குக் கீழே வரை. ஆனால் ^0.17.0 என்றால் 0.18.0-க்குக் கீழே வரைதான். பூஜ்யத்தில் தொடங்கும் பேக்கேஜ்களில் நடு எண்ணே பெரிய பதிப்பாகக் கணக்காகிறது. "சின்ன வித்தியாசம்தானே" என்று நினைக்கிற 0.17-க்கும் 0.18-க்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது.

இந்தச் சுவரில் எல்லோரும் ஒருமுறையாவது மோதுவது தேதி, நேரத்தை அழகாகக் காட்ட உதவும் 'இன்ட்ல்' பேக்கேஜில். சாட் செயலியில் "நேற்று, மாலை 6:40" என்று காட்ட அது வேண்டும். செயலியைத் தமிழிலும் காட்ட 'ஃபிளட்டர் லோக்கலைசேஷன்ஸ்' சேர்ப்பீர்கள். அது எஸ்டிகேயோடு வருவது. இன்ட்ல்லின் ஒரே ஒரு பதிப்பைத்தான் ஏற்கும். நீங்கள் வேறொரு எண்ணை எழுதி வைத்திருந்தால் மோதல்தான். இன்ட்ல்லுக்கு எண்ணே எழுதாமல் 'எனி' என்று விட்டுவிடுங்கள், எஸ்டிகே முடிவு செய்யட்டும். மற்ற பேக்கேஜ்களுக்கு 'எனி' எழுதுவது சோம்பேறித்தனம். இதற்கு மட்டும் அதுதான் சரி.

ஃபயர்பேஸ் பேக்கேஜ்கள் வேறு ரகம். கோர், ஆத், ஃபயர்ஸ்டோர், மெசேஜிங் எல்லாம் கூட்டுக்குடும்பம். பழைய பாடம் ஒன்றிலிருந்து கோரின் எண்ணையும், புதிய பாடம் ஒன்றிலிருந்து மெசேஜிங்கின் எண்ணையும் எடுத்து ஒட்டினால் சேராது. 'ஃபிளட்டர் பப் அவுட்டேட்டட்' அடித்தால் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் இப்போதைய பதிப்பு, எட்டக்கூடிய பதிப்பு, ஆகப் புதியது என்று அட்டவணை வரும். எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்ற 'ஃபிளட்டர் பப் அப்கிரேட்' கட்டளையோடு 'மேஜர் வெர்ஷன்ஸ்' கொடியைச் சேருங்கள். பப்ஸ்பெக்கையே திருத்திக் கொடுக்கும். செய்வதற்கு முன், நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியில் கமிட் செய்துவிடுங்கள்.

'டிபெண்டென்சி ஓவர்ரைட்ஸ்' என்ற குறுக்குவழியும் இருக்கிறது. அவசரத்துக்கு நானும் பயன்படுத்தியதுண்டு. அது மோதலைத் தீர்ப்பதில்லை, பப்பின் வாயை அடைக்கிறது. பேக்கேஜை நிரலிலிருந்து கூப்பிடும் விதம் (ஏபிஐ) உண்மையிலேயே மாறியிருந்தால் பில்ட் கட்டத்தில் அதே சண்டை வேறு பெயரில் வரும். அதிலும் நல் சேஃப்டி (வெற்று மதிப்பால் வரும் பிழையை முன்பே தடுக்கும் வசதி) இல்லாத பழைய பேக்கேஜுக்கு இது உதவவே உதவாது. 2023 மே மாதம் வந்த டார்ட் 3 அவற்றுக்கான ஆதரவையே எடுத்துவிட்டது. மாற்றுப் பேக்கேஜ் தேடுவதுதான் வழி.

ஆண்ட்ராய்டு பில்ட் கிரேடிலில் நிற்கிறது

சிவப்பு எழுத்தில் நூறு வரி வந்தாலும் 'வாட் வென்ட் ராங்' என்ற தலைப்பின் கீழே உள்ள இரண்டு மூன்று வரிகளை மட்டும் படியுங்கள். மற்றதெல்லாம் இரைச்சல்.

'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன்' என்று சொல்லி 61 அல்லது 65 என்று எண் வந்தால், கணினியில் உள்ள ஜாவா உங்கள் ப்ராஜெக்டின் கிரேடிலுக்குப் புதிது என்று பொருள். 61 என்பது ஜாவா 17, 65 என்பது ஜாவா 21. ஜாவா 17-இல் ஓடக் குறைந்தது கிரேடில் 7.3 வேண்டும், ஜாவா 21-க்கு 8.5. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைப் புதுப்பித்த மறுநாள் காலையில் இந்த எரர் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஸ்டுடியோவோடு வரும் ஜாவாவும் சேர்ந்து மாறியிருக்கும். கிரேடில் ராப்பர் கோப்பில் பதிப்பை ஏற்றுங்கள்.

'நேம்ஸ்பேஸ் நாட் ஸ்பெசிஃபைட்' என்றால் குற்றவாளி உங்கள் நிரல் அல்ல. ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8 வந்தபின் ஒவ்வொரு லைப்ரரியும் தன் தனி அடையாளப் பெயரை, அதாவது நேம்ஸ்பேஸைத் தானே அறிவித்தாக வேண்டும். பராமரிப்பில்லாத பழைய பேக்கேஜ் அதைச் செய்திருக்காது. எரரிலேயே அந்தப் பேக்கேஜின் பெயர் இருக்கும். புதிய பதிப்பு இருந்தால் ஏற்றுங்கள், இல்லையென்றால் கழற்றிவிடுங்கள்.

'மின் எஸ்டிகே' (செயலி ஓடக் குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பு) போதாது என்ற எரர் ஃபயர்பேஸ் சேர்த்ததும் வருவது வழக்கம். எந்த எண் வேண்டும் என்பதை எரரே சொல்லும். ஆப் ஃபோல்டருக்குள் இருக்கும் கிரேடில் கோப்பில் அதைப் போடுங்கள். புதிய ப்ராஜெக்டுகளில் அந்தக் கோப்பு கோட்லின் வடிவில் இருக்கும். பழைய பாடங்களில் உள்ள வரியை அப்படியே ஒட்டினால் இலக்கணப் பிழை என்று இன்னொரு எரர் வாங்கிக்கொள்வீர்கள். நடுவில் சமக்குறி வேண்டும்.

'நோ மேச்சிங் கிளையன்ட் ஃபவுண்ட்' என்று வந்தால் கூகுள் சர்வீசஸ் ஜேசன் கோப்பு வேறொரு செயலிக்குரியது. ஃபயர்பேஸ் கன்சோலில் பதிவு செய்த பேக்கேஜ் பெயரும், கிரேடிலில் உள்ள அப்ளிகேஷன் ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஃபிளட்டர் இயல்பாகத் தரும் 'காம் எக்ஸாம்பிள்' பெயரைப் பிளே ஸ்டோர் ஏற்பதில்லை. எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள் என்பதால், ஃபயர்பேஸில் பதிவு செய்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

ஐபோன் பில்டில் 'பாட்' என்று தொடங்கும் எரர்கள்

மூன்றே காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பதிப்பு பொருந்தவில்லை என்றால், ஐஓஎஸ் ஃபோல்டரில் உள்ள பாட்ஃபைல் லாக் பழைய ஃபயர்பேஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த லாக்கை அழித்து, 'பாட் இன்ஸ்டால்' கட்டளையை 'ரெப்போ அப்டேட்' கொடியோடு ஓட்டுங்கள். டிப்ளாய்மென்ட் டார்கெட் (குறைந்தபட்ச ஐஓஎஸ் பதிப்பு) குறைவு என்றால், பாட்ஃபைலின் தொடக்கத்தில் பிளாட்ஃபார்ம் வரி கமென்ட்டாகக் கிடக்கும். # குறியை எடுத்து எண்ணை ஏற்றுங்கள். ஃபயர்பேஸ் கோர் மாட்யூலையே காணோம் என்றால், எக்ஸ்கோடில் தவறான கோப்பைத் திறந்திருக்கிறீர்கள். திறக்க வேண்டியது ரன்னர் ஒர்க்ஸ்பேஸ், ரன்னர் ப்ராஜெக்ட் அல்ல.

'மிஸ்ஸிங் பிளகின் எக்ஸெப்ஷன்'

செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே இமேஜ் பிக்கரைச் சேர்த்து, ஹாட் ரீலோட் செய்திருப்பீர்கள். ஹாட் ரீலோட் டார்ட் நிரலை மட்டுமே மாற்றும். பிளகினுக்குள் கோட்லின், ஸ்விஃப்ட் நிரலும் இருக்கிறது. அது செயலியோடு சேர்ந்து பில்ட் ஆக வேண்டும். ஹாட் ரீஸ்டார்ட்டும் போதாது. முழுதாக நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

'அனேபிள் டு லோட் அசெட்'

இந்த ஒரு எரருக்காக நான் செலவழித்த நேரத்தில் ஒரு எமோஜி கீபோர்டே எழுதியிருக்கலாம். ஏனென்றால் காரணங்கள் பல, செய்தி ஒன்று.

ஃபோல்டர் கணக்கை முதலில் பாருங்கள். பப்ஸ்பெக்கில் ஒரு ஃபோல்டரின் பெயரைச் சாய்கோட்டோடு முடித்து எழுதினால், அதற்குள் நேரடியாக இருக்கும் கோப்புகள் மட்டுமே சேரும். உள்ஃபோல்டர்கள் சேராது. 'அசெட்ஸ்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதற்குள் 'ஐகான்ஸ்', 'ஸ்டிக்கர்ஸ்', 'சவுண்ட்ஸ்' என்று பிரித்து வைத்திருந்தால் மூன்றும் வெளியேதான் நிற்கும். ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுத வேண்டும். விதிவிலக்கு ஒன்றுதான்: 2.0x, 3.0x என்று திரை அடர்த்திக்காக வைக்கும் ஃபோல்டர்களை ஃபிளட்டர் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். அவற்றின் பெயரை நிரலில் எழுதக் கூடாது. மூலப் படத்தின் பாதையை மட்டும் கொடுங்கள்.

அடுத்தது பெரிய எழுத்து, சிறிய எழுத்து. எங்கள் குழுவில் ஒருவர் தம் மேக் கணினியில் அவதார் படத்தைப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரில் சேமித்திருந்தார்; பப்ஸ்பெக்கில் அதே பெயர் சிறிய எழுத்தில் இருந்தது. அவர் கணினியில் பில்ட் ஜம்மென்று ஆனது. லினக்ஸில் ஓடும் பில்ட் சர்வரில் மட்டும் கோப்பே இல்லை என்றது. மேக்கும் விண்டோஸும் இயல்பாகக் கோப்புப் பெயரில் எழுத்தின் அளவைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். சர்வரைத் திட்டி அரை நாள் போயிற்று. அதோடு முடியவில்லை. மேக்கில் எழுத்தின் அளவை மட்டும் மாற்றிப் பெயர் திருத்தினால் கிட் அதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். 'கிட் எம்வி' கட்டளையால் மாற்ற வேண்டும். அன்றிலிருந்து எங்கள் அசெட் பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்தும் அடிக்கோடும்தான்.

தனிப் பேக்கேஜாகப் பிரித்து வைத்த டிசைன் தொகுப்பிலிருந்து ஐகானை எடுக்கிறீர்கள் என்றால், இமேஜ் விட்ஜெட்டில் 'பேக்கேஜ்' என்ற அளவுருவையும் கொடுக்க வேண்டும். அது இல்லையென்றால் செயலியின் சொந்தக் கிடங்கில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? பப்ஸ்பெக்கை மாற்றியபின் செயலியை நிறுத்தி ஓட்டினீர்களா என்று பாருங்கள். கிளீன் செய்வதற்கு உண்மையிலேயே உரிய இடம் இதற்குப் பிறகுதான்.

எழுத்துரு மாறவே இல்லை. தமிழ் எழுத்து மட்டும் வேறு மாதிரி தெரிகிறது

எழுத்துருவின் பெயரைத் தவறாக எழுதினால் ஃபிளட்டர் எரர் தராது. சத்தமில்லாமல் இயல்பான எழுத்துருவில் காட்டிவிடும். பப்ஸ்பெக்கில் 'ஃபேமிலி' என்று கொடுத்த பெயரும், தீமில் கொடுத்த பெயரும் ஸ்பேஸ் உட்பட ஒன்றா என்று பாருங்கள். அந்தப் பெயர் கோப்பின் பெயராக இருக்க வேண்டியதில்லை.

தமிழ் விஷயம் இன்னும் நுட்பமானது. நீங்கள் தேர்ந்தெடுத்த அழகான எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லாவிட்டால், ஃபோனில் உள்ள தமிழ் எழுத்துருவை ஃபிளட்டர் எடுத்துக்கொள்ளும். அது ஆண்ட்ராய்டில் ஒன்று, ஐபோனில் வேறொன்று. வரி உயரமும் மாறும். "சரி டா, ஓகே" என்று இரண்டு மொழியும் கலந்து வரும் மெசேஜ் ஒரு ஃபோனில் குமிழிக்குள் கச்சிதமாக உட்காரும், மற்றதில் மேலே முட்டும். நான் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் செயலியோடு சேர்த்து, தீமில் 'ஃபான்ட் ஃபேமிலி ஃபால்பேக்' பட்டியலில் போட்டுவிடுகிறேன். தடித்த எழுத்துக்கும் தனிக் கோப்பு சேருங்கள். அது இல்லையென்றால் எஞ்சின் மெல்லிய எழுத்தையே செயற்கையாகத் தடிக்க வைக்கும். சின்ன அளவில் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

திறந்ததும் வெள்ளைத் திரை. 'நோ ஃபயர்பேஸ் ஆப்'

ஃபயர்பேஸைத் தொடங்கி வைக்காமலே அதைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மெயின் ஃபங்ஷனில் முதலில் விட்ஜெட்ஸ் ஃபிளட்டர் பைண்டிங்கின் 'என்ஷூர் இனிஷியலைஸ்ட்', அப்புறம் அவெயிட் போட்டு 'இனிஷியலைஸ் ஆப்', அதன்பிறகுதான் 'ரன் ஆப்'. 'ஃபிளட்டர்ஃபயர் கான்ஃபிகர்' உருவாக்கித் தரும் ஆப்ஷன்ஸ் கோப்பை அதற்குக் கொடுங்கள்.

செயலி மூடியிருக்கும்போது அறிவிப்பு வந்தால் மட்டும் இதே எரர் வருகிறது என்றால், அந்த அறிவிப்பைக் கையாளும் பின்னணி ஹேண்ட்லர் ஃபங்ஷன் தனி ஐசொலேட்டில் (மெயினோடு நினைவகம் பகிராத தனி ஓட்டத்தில்) ஓடுகிறது. மெயினில் செய்த தொடக்கம் அதற்குத் தெரியாது. அங்கேயும் தொடங்க வேண்டும். அந்த ஹேண்ட்லர் எந்தக் கிளாஸுக்குள்ளும் இல்லாத தனி ஃபங்ஷனாக இருக்க வேண்டும், மேலே 'விஎம் என்ட்ரி பாயின்ட்' ப்ராக்மாவும் வேண்டும். இல்லாவிட்டால் ரிலீஸ் பில்ட், யாரும் கூப்பிடாத நிரல் என்று நினைத்து அதை வெட்டி எறிந்துவிடும்.

கேமரா பொத்தானை அழுத்தியதும் ஐபோனில் செயலியே மறைந்துவிடுகிறது

இன்ஃபோ பிளிஸ்ட் கோப்பில் கேமரா பயன்பாட்டு விளக்கம் இல்லை. டிரை, கேட்ச் போட்டும் பிடிக்க முடியாது, ஏனென்றால் செயலியைக் கொல்வது ஐஓஎஸ். கேமரா, படத்தொகுப்பு, குரல் மெசேஜுக்கு மைக் மூன்றுக்கும் தனித்தனி விளக்கம் எழுதுங்கள்.

டீபக்கில் எல்லாம் ஓடுகிறது. ரிலீஸில் மெசேஜ் போகவில்லை

ஃபிளட்டர் தரும் டீபக், ப்ரொஃபைல் மேனிஃபெஸ்ட்களில் இன்டர்நெட் அனுமதி இருக்கும், மெயின் மேனிஃபெஸ்ட்டில் இருக்காது. ஹாட் ரீலோடுக்காக வைத்த அனுமதி அது. எங்கள் முதல் பதிப்பு சொந்த வெப்சாக்கெட் சர்வரோடு பேசியது. ரிலீஸ் ஏபிகேயைக் கேட்டவருக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாள் சர்வர் லாகைத் தோண்டிக்கொண்டிருந்தோம். கோரிக்கையே சர்வருக்கு வரவில்லை. மெயினில் ஒரு வரி சேர்த்ததும் சரியானது. ஃபயர்பேஸ் சேர்த்த செயலிகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தெரியாது, அதன் லைப்ரரிகள் இந்த அனுமதியைக் கூடவே கொண்டுவந்துவிடும். அதனால் "போன ப்ராஜெக்டில் போடவே இல்லையே" என்ற வாதம் செல்லாது.

கூகுள் லாகின் மட்டும் ரிலீஸில் உடைந்து, எண் 10 என்று வந்தால் அது எஸ்ஹெச்ஏ-1 கைரேகைச் சிக்கல், அதாவது செயலியில் கையெழுத்திட்ட சாவியின் அடையாள எண் ஃபயர்பேஸில் இல்லை. டீபக் சாவிக்கு ஒன்று, உங்கள் ரிலீஸ் சாவிக்கு ஒன்று. பிளே ஸ்டோர் தன் சாவியால் கையெழுத்திட்டால் மூன்றாவதும் உண்டு. மூன்றையும் ஃபயர்பேஸ் கன்சோலில் சேருங்கள்.

அறிவிப்பில் வெறும் வெள்ளைக் கட்டம், மணியோசை மாறவில்லை

ஆண்ட்ராய்டு 5 முதல் அறிவிப்பின் சிறு ஐகானில் நிறத்தைப் பார்ப்பதில்லை. எங்கே ஒளி புகும், எங்கே புகாது என்பதை மட்டும் பார்த்து வெள்ளையடிக்கும். நான்கு மூலையும் நிரம்பிய வண்ண லோகோவைக் கொடுத்தால் கட்டம்தான் வரும். ஒளிபுகும் பின்னணியில் வெள்ளை உருவம் ஒன்றைத் தனியாகச் செய்யுங்கள்.

ஓசைக் கோப்பை ஃபிளட்டர் அசெட்களில் போட்டால் அறிவிப்புக்கு உதவாது. அந்த ஓசையை எழுப்புவது இயங்குதளம். ஆண்ட்ராய்டில் அது 'ரெஸ்' ஃபோல்டருக்குள் 'ரா' ஃபோல்டரில் இருக்க வேண்டும். பெயரில் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். ஐபோனில் எக்ஸ்கோட் வழியாக ரன்னரில் சேர்க்க வேண்டும். 30 வினாடியைத் தாண்டினால் இயல்பான ஓசைதான் கேட்கும். ரிலீஸில் மட்டும் ஓசை காணோம் என்றால், பயன்படாத ரிசோர்ஸ் என்று நினைத்துச் சுருக்கும் கருவி அழித்திருக்கும்; 'கீப்' எக்ஸ்எம்எல் கோப்பில் அதன் பெயரை எழுதிக் காப்பாற்றுங்கள்.

கோப்பு சரி, பெயர் சரி, இருந்தும் பழைய ஓசையே கேட்கிறதா? ஆண்ட்ராய்டு 8 முதல் ஓசை அறிவிப்புச் சேனலோடு (அறிவிப்புகளை வகை பிரிக்கும் ஏற்பாடு) ஒட்டிக்கொண்டது. சேனலை ஒருமுறை உருவாக்கியபின் நிரலில் எதை மாற்றினாலும் ஃபோன் கேட்காது. உங்கள் ஃபோனில் செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கலாம். ஏற்கெனவே நிறுவியிருப்பவர்களிடம் அப்படிச் சொல்ல முடியாதே; சேனல் ஐடியின் முடிவில் ஒரு 2 சேர்த்துப் புதுச் சேனலாக அனுப்புங்கள், பழையதை நிரலிலேயே நீக்கிவிடுங்கள்.